பேர் வெட்டின குடம்

வெற்றிச்செல்வி குடத்தை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கழுத்தில் 'அம்மாக்கண்ணு' என்று பேர் வெட்டியிருந்தது. அந்த அம்மாக்கண்ணு நான்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றில், செந்துறையில். இருசம்மாள் எங்கள் தெருக் கடைசியில் கூரைவீட்டில் இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்தக் கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். புருஷன் தங்கராசு ஆலத்தியூர்ப் பக்கம் லாரி ஓட்டினான். அவன் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவள். ஒரு நாள் இவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவன் வந்து, ஆறு வயது சிவரஞ்சனியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிப்போய்விட்டான். அரியலூரில் இல்லாதப்பட்டவர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துகிற சட்ட உதவி மையம் ஒன்று இருந்தது. அதன் மூலமாகப் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டாள். 'அவளுக்கு ஒழுங்கா ஒரு வீடுகூட இல்லை, பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பாள்?' என்று அவன் பதில் மனுப் போட்டான்.

வெற்றிச்செல்வி வந்தது அதற்காகத்தான். அவள் வக்கீல் இல்லை. மையத்தில் வேலை பார்க்கிறவள். வீட்டைப் பார்த்து, நாலு பேரை விசாரித்து, உள்ளதை எழுதி வக்கீல் கிருஷ்ணமூர்த்தியிடம் கொடுப்பாள். எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியும்? கோர்ட்டு ஆள் வருகிறது என்றதும், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆக்கிவிட்டோம். என் குடம், ஜானகி வீட்டுத் தவலை, உத்திராபதி வீட்டுக் கட்டில், மேலத்தெருவிலிருந்து ஒரு டேபிள் ஃபேன், எல்லாம் இருசம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

"சீர் வந்த குடமாக்கா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"ஆமாங்க. அம்மாக்கண்ணு அக்கா வெச்ச சீர்," என்றாள் இருசம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

தவலையைத் திருப்பினாள். "'ஜானகிக்கு மாமன் சீர்'னு போட்டிருக்கு. ஜானகியோட சீர் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

எனக்குப் பின்னாலிருந்து ஜானகி களுக்கென்று சிரித்துவிட்டாள். வெற்றிச்செல்வி ஃபேனின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். வயர் சுவர்வரை போய் நின்றது. அந்த வீட்டுக்குக் கரண்டே கிடையாது.

அவள் சிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்தாள். "அக்கா, நாளைக்கு அவங்க வக்கீல் ஆள அனுப்பி இதையெல்லாம் பாத்தா என்ன ஆகும்? குடத்துல பொய் சொன்னவ எல்லாத்துலயும் பொய் சொல்லுவான்னுவாங்க. அவன் அடிச்சதயும் நம்ப மாட்டாங்க."

"ஒண்ணுமில்லன்னு எழுதுனா மட்டும் புள்ளயக் குடுத்துருவாங்களா மேடம்?"

வெற்றிச்செல்வி பேனாவை மூடினாள். பிறகு, "எல்லாத்தயும் எடுத்துட்டுப் போங்க," என்றாள் எங்களைப் பார்த்து.

எடுத்துப் போனோம். கட்டில் வாசலில் இடித்துக்கொண்டது. "வரும்போது மட்டும் எப்படி நொழஞ்சுது?" என்று உத்திராபதி முணுமுணுத்தார். எல்லாம் போனபின் அந்த வீடு எவ்வளவு சின்னது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு அலுமினியச் சட்டி, ஒரு பாய், கொடியில் ஒரு பாவாடை. இருசம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெற்றிச்செல்வி பள்ளிக்கூடம்வரை நடந்து போய்த் தூரம் பார்த்து வந்தாள். டீச்சரிடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாளாம். தாயோடு இருந்தவரை சிவரஞ்சனி இரண்டே நாள்தான் வரவில்லை. வந்து எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்தாள்.

"இவங்க வேலைக்குப் போனா, பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளய யாரு பாத்துக்குவீங்க?"

"நாங்கதான்," என்றோம்.

"அத கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

குடம் கொடுக்க ஓடி வந்த கால் அப்போது நகரவில்லை, கண்ணுகளா. கோர்ட்டு என்றால் அப்படி ஒரு பயம். உத்திராபதி மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டும் என்று போயே போய்விட்டார். ஜானகி என்னைப் பார்த்தாள். இருசம்மாள் யாரையுமே பார்க்கவில்லை. அந்தப் பார்க்காததுதான் என்னைப் பேச வைத்தது.

"எழுதிக்கம்மா. நான் வரேன்," என்றேன்.

"நீ போயி வாயத் தொறந்தா ஜட்ஜே ஓடிருவாரு. நானும் வரேன்," என்றாள் ஜானகி.

பதினாறாம் நாள் அரியலூர் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தங்கராசின் வக்கீல் கேட்டார். "உங்களுக்கு அந்தப் பொண்ணு சொந்தமா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பக்கத்து வூடுங்க."

"அந்த வீட்டுல என்ன இருக்கு?"

"ரெண்டு சட்டி, ஒரு பாயி. வேற ஒண்ணுமில்லீங்க. அவன் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அந்தப் புள்ள அங்க பசியோட படுத்து நான் பாத்ததில்லீங்க."

ஜட்ஜ் அம்மா எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். பிறகு வெற்றிச்செல்வி எழுதினதைப் புரட்டினார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும் என்று எழுந்து தன் அறைக்குப் போனார்கள்.

சிவரஞ்சனி தங்கராசின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வந்தாள். புதுக் கவுன், புதுச் செருப்பு. இருசம்மாள் ஓடிப் போகவில்லை. ஓடாதீங்க, கூப்பிடாதீங்க, புள்ளயக் கலவரப்படுத்தாதீங்க என்று வெற்றிச்செல்வி சொல்லி வைத்திருந்தாள். கறுத்த கையிரண்டையும் முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். பியூன் தங்கராசை நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் கூட்டிப்போனார். கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்துக்கொண்டே போனது அது.

அந்த அறைக்கு இடுப்பளவு அரைக்கதவு. பிள்ளை நுழைந்த வேகத்தில் அது உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அதன் அடியில் அந்தப் புதுச் செருப்பு இரண்டும் ஒரு கணம் நின்றன. பிறகு ஜட்ஜ் அம்மாவின் மேசைப் பக்கம் நடந்தன.