பல்லில் கேட்ட சத்தம்

நர்ஸ் ஒருத்தி மூன்றாவது முறையாக அதே பைக்கைக் கொண்டுவந்து சர்வீஸ் சென்டர் வாசலில் நிறுத்தியபோது, காதண்ணன் கை துடைத்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அவள் ஏதோ சொன்னாள். கண்ணாடிக்குள் உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவைத்தார். எந்தக் கேள்விக்கும் தலையாட்டல் பொருந்திவிடும் என்பதை இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டிருந்தார்.

காதண்ணன் என்பது பட்டறை வைத்த பெயர். பழுது பார்த்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, ஜாப் கார்டில் கடைசிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒரு காலத்தில் வண்டி தெருமுனை திரும்பும்போதே, "செயின் தளந்திருக்கு, பின்னாடி பிரேக் உரசுது" என்று டீ டம்ளரைக் கீழே வைக்காமல் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடம் இன்ஜின்களுக்கு நடுவில் நின்ற காது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. குக்கர் விசில் போனது. கொசு போனது, அதில் அவருக்கு வருத்தமில்லை. பிறகு மனைவியின் குரலில் பாதி போனது. ஆண்கள் பேசினால் ஓரளவு சமாளிக்கலாம். பெண்கள் பேசினால் வாயைப் பார்க்க வேண்டும். ஃபோன் வந்தால் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

"போய் உண்மையச் சொல்லுங்க. ஸ்டோர்ல உக்கார வைப்பாங்க" என்று மனைவி அவர் முகத்துக்கு நேராக நின்று சொல்லியிருந்தாள்.

"காது போன காதண்ணன எவன்டி வேலைக்கு வச்சுக்குவான்? காட்சிக்கு வேணா வைப்பான்."

அவள் சிரிக்கவில்லை.

முதல் முறை வந்தபோது நர்ஸ் சொன்னது இதுதான்: "மூணாவது கியர்ல மட்டும் ஊளை விடுற மாதிரி வருதுண்ணே. வண்டி அழுவுதும்மாங்கறான் என் பையன்." அவர் ஓட்டிப் பார்த்தார். காற்று இருந்தது, அடியில் இன்ஜினின் உறுமல் இருந்தது. அழுகை எதுவும் இல்லை. 'சத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் முறை அவள் விடவில்லை. அவரைப் பின்னால் உட்காரவைத்து, ஹெல்மெட் போடாமல் தானே ஓட்டினாள். மூன்றாவது கியர் விழுந்ததும் பாதி திரும்பி, "இதோ, இதோ! கேக்குதா?" என்றாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

"ஒண்ணும் இல்லையேம்மா."

அந்த முகம் அணைந்ததை அவர் பார்த்தார். சென்டருக்குத் திரும்பியதும் சர்வீஸ் அட்வைசர் கார்டைத் தட்டிக்கொண்டே, "காதண்ணனுக்கே கேக்கலன்னா அது வண்டில இல்ல மேடம், உங்க மனசுல இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அன்றைக்கும் கையெழுத்துப் போட்டார்.

இன்று எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, மூன்றாவது கியரில் பின்சக்கரத்தைச் சுழலவிட்டார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை கியர்பாக்ஸின் மேல் ஊன்றினார். மற்றவர்கள் அதன் கைப்பிடியைக் காதில் வைப்பார்கள். அவர் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

முதலில் வெறும் நடுக்கம். பிறகு அந்த நடுக்கத்துக்குள்ளிருந்து ஒன்று பிரிந்து, தாடை வழியாக ஏறி மண்டைக்குள் வந்து நின்றது. மெல்லிய, நீளமான சத்தம். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருக்குக் கேட்ட முதல் மெல்லிய சத்தம் அது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார், கண் ஓரம் நனைவது தெரியாமல். பையன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். அழுதுகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு சிறிய விக்கலும் இருந்தது.

அடியில் தட்டை வைத்து ஆயிலை இறக்கினார். கறுத்த எண்ணெயில் பொடிப்பொடியாக இரும்பு மினுங்கியது. மூன்றாவது கியரின் பற்கள் செதில் செதிலாக உதிர்கின்றன. இன்றில்லாவிட்டால் நாளை ஒரு பல் முழுசாக முறிந்து நடுவில் சிக்கும். அப்போது பின்சக்கரம் எந்த வேகத்தில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடும்.

இன்ஜினைப் பிரிக்கலாம். ஆனால் வாரண்டியில் இருக்கும் வண்டி, பிரித்தால் கம்பெனிக்குப் படிவம் போக வேண்டும். சத்தம் எப்போது தொடங்கியது, யார் ஓட்டிப் பார்த்தது, யார் கையெழுத்து என்று அதில் கேட்பார்கள். இரண்டு கையெழுத்துகள். ஆய்வுக்கு வருபவர் எதிரில் உட்காரவைத்து, மெதுவான குரலில் ஏதாவது கேட்பார்.

அலமாரியில் இன்னொரு ஆயில் இருந்தது. கம்பெனி இந்த வண்டிக்குச் சொன்னதைவிடக் கெட்டியானது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சத்தம் அடங்கிவிடும். பல் மட்டும் ஆறாது.

அவர் அதை எடுத்து ஊற்றினார்.

நர்ஸ் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரிந்தது.

"போயே போச்சுண்ணே! எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன். வீட்ல அவரும் அதத்தான் சொன்னாரு, காத காட்டுடின்னு. எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டலாம்னு இருந்தேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா."

"நாலு மணிக்கு ஸ்கூல்லேருந்து பையனக் கூட்டிட்டு பைபாஸ்ல போகணும். நம்பிப் போலாம்ல?"

அவர் வாயைத் திறந்தார். அட்வைசர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"போலாம்மா."

அடுத்த வண்டிக்கு பிரேக் சரி பார்த்தார். அதற்கடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிறகு நாலு ஆனது. தட்டிலிருந்த ஆயிலைக் கழிவு டிரம்மில் கொட்டப் போனவர், வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பார்த்தபடி கொட்டாமல் நின்றார். நாலேகாலுக்கு ஜாப் கார்டைத் தேடி எடுத்து, எண்ணெய்க் கையாலேயே அதிலிருந்த அவள் நம்பரை அழுத்தி ஃபோனைக் காதில் வைத்தார்.

மணி அடிக்கிறதா என்றே தெரியவில்லை. ஃபோனை எடுத்துத் திரையைப் பார்த்தார். நொடிகள் ஓடத் தொடங்கியிருந்தன. யாரோ எடுத்துவிட்டார்கள். அவளாக இருக்கலாம், பையனாக இருக்கலாம், வழியில் போகிற யாரோவாகவும் இருக்கலாம்.

"அம்மா, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றார். "உங்க காது நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் கேக்கல. ஆரம்பத்துலேருந்தே எனக்குக் கேக்கலம்மா. மூணாவது போடாதீங்க. எறங்கிடுங்க, பையன எறக்கிடுங்க."

தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடி அறையின் கதவு திறந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்தும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.