முதுகு தேய்ந்த கொசுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதில் பொய் இல்லை. நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு கொசுவைத் தள்ளினால், அது இன்ன இனம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் தேநீர் விழுங்குகிற நேரம்கூட வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்குச் சந்தேகசாமி என்று பெயர். அவர் ஒரே கொசுவை மல்லாத்திப் பார்ப்பார், குப்புறப் போட்டுப் பார்ப்பார், கடைசியில் "சிதைந்துள்ளது, சொல்ல இயலாது" என்று எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். சாப்பாட்டில் உப்புச் சரியா என்று மனைவி கேட்டாலும் இவர் இதைத்தான் சொல்வார் என்று மின்னல் முகத்துக்கு நேராகவே சீண்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கொசுவை எடுப்பார்.

அந்த வருடம் இருவருக்கும் பிழைப்பே இரண்டு கொசுக்களைப் பிரித்துச் சொல்வதுதான். இரண்டும் கறுப்பு, இரண்டும் பகலில் கடிப்பவை, இரண்டுக்கும் காலில் வெள்ளை வளையம். முதுகைப் பார்த்தால்தான் பேதம் தெரியும். ஒன்றுக்கு வெள்ளைச் செதில்கள் முதுகின் நடுவே ஒரே கோடாக ஓடும். அவள் கோட்டுக்காரி. இன்னொன்றுக்கு அதே செதில்கள் இருபக்கமும் வளைந்து யாழ் மாதிரி நிற்கும். அவள் யாழ்க்காரி. கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதால் இந்த மரியாதை. நகரத்தில் பரவிக்கொண்டிருந்த காய்ச்சலைச் சுமந்து திரிந்தவள் யாழ்க்காரி. வளர்ந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் நாலு நாள் படுக்கையோடு போய்விடும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத்தான் அது எமன்.

மின்னலின் தங்கைக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தங்கைக்குத் தலைவாரி, ஊட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கல்யாணமும் செய்து வைத்தவள் மின்னல். அதனால் தங்கை விஷயத்தில் வேறு யாருடைய யோசனையும் அவள் காதில் ஏறாது.

தங்கை குடியிருந்த பகுதியில் காய்ச்சல் தொடங்கியதும், அவள் புருஷன் பெட்டியும் படுக்கையுமாக அவளைக் காரில் ஏற்றிவிட்டான். அவனுடைய அக்கா வீடு மலைமேல் இருந்தது. அந்தக் குளிரில் கொசு பிழைக்காது. போகிற வழியில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மின்னல் வீட்டு வாசலில் நிறுத்தியதுதான் அவன் செய்த தப்பு.

"எங்க தெருவுல யாழ்க்காரி கிடையாது மாப்பிள்ளை," என்றாள் மின்னல். "பொறி வச்சுப் பிடிச்சு நானே பாத்தாச்சு. எல்லாம் கோட்டுக்காரிங்க. சாதுவான புள்ளைங்க. இவளை எதுக்கு மலைமேல தூக்கிட்டுப் போய்க் குளிர்ல போடணும்? நான் பாத்துக்க மாட்டேனா?"

"நிச்சயமா சொல்றீங்களா அண்ணி?"

"நான் என்னிக்கு நிச்சயமில்லாம சொல்லியிருக்கேன்?"

தங்கை அதற்குள் காரைவிட்டு இறங்கி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிவிட்டாள். "அக்கா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றாள். நாத்தனாரின் சாப்பாட்டைவிட அக்காவின் சாப்பாடுதான் இவளுக்குப் பிடிக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

அடுத்த வாரமே தங்கைக்கு லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கழிப்பறைக்குத் தவிர கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. குலுங்குகிற பயணம் அறவே கூடாது. மலைப்பாதை என்ற பேச்சே வேண்டாம். நல்லவேளை நம்ம வீட்டில் வந்து இருக்கிறாள் என்று மின்னல் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொசுக் களிம்பு ஒன்றையும் வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சோதனைப் பெட்டியின் முடிவு வந்தது.

அது வருடாவருடம் நடப்பது. ஒரே மாதிரிப் பெட்டிகள் பல ஆய்வுக்கூடங்களுக்குப் போகும். உள்ளே ஊசி குத்திய கொசுக்கள். ஒவ்வொன்றின் மரபணுவையும் முன்பே சோதித்து உண்மையான பெயரை ஒளித்து வைத்திருப்பார்கள். வல்லுநர்கள் கண்ணால் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். யார் எவ்வளவு சரி என்று பிறகு தெரியும். தலைமை ஆய்வாளர் அம்மா முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, தேநீர் குடிக்கிற அறையிலேயே பேச்சைத் தொடங்கினார்.

"முழுசா இருந்த கொசுவுல நம்ம ஆளுங்க ஒண்ணுகூடத் தப்பு பண்ணல. சந்தோஷம். செதில் தேய்ஞ்ச கொசுவுலதான் வில்லங்கம்." அவர் மின்னலைப் பார்த்தார். "தேய்ஞ்சது எல்லாத்துக்கும் பேர் எழுதியிருக்கீங்க. பாதிக்குப் பாதி தப்பு. பூவா தலையா போட்டிருந்தாக்கூட இதே மார்க் வந்திருக்கும்மா."

"அவரு என்ன எழுதினாரு?"

"சொல்ல இயலாதுன்னு எழுதியிருக்காரு. அதுக்குத் தப்புக் கணக்கு கிடையாது."

சந்தேகசாமி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னல் சிரித்து மழுப்பப் பார்த்தாள். ஆய்வாளர் அம்மா விடவில்லை.

"யாழ்க்காரியைக் கோட்டுக்காரின்னு எழுதினதுதான் அதிகம். முதுகு வழுக்கையா இருந்தா உங்க கண்ணு தானாக் கோடு போட்டுக்குது."

அப்போதுதான் மின்னலுக்குத் தன் தெருவில் பிடித்த கொசுக்கள் நினைவுக்கு வந்தன. அவள் தெருவில் வைத்தது விசிறிப் பொறி. கொசுவை இழுத்துப் பைக்குள் தள்ளும் விசிறி அது. அந்தப் பொறியில் பையின் வலை விசிறியில் உரசி, உள்ளே போன கொசுவெல்லாம் கசங்கி உதிர்ந்துதான் வந்திருந்தது. முதுகில் செதில் இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. தான் சொன்ன பெயர் நினைவிருந்தது, பார்த்தது நினைவில்லை.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அலமாரி அறைக்கு ஓடினாள். தன் தெருக் கொசுக்களைக் குத்தி வைத்திருந்த பெட்டியை எடுத்து நுண்ணோக்கியடியில் வைத்தாள். முதல் கொசுவின் முதுகு மொழுக்கென்று இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஊசி ஊசியாக எடுத்து, விளக்கைச் சாய்த்து, நிமிர்த்தி, கண்ணில் நீர் வருகிறவரை பார்த்தாள். ஒன்றின் தோளோரத்தில் இரண்டு வெள்ளைச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது யாழின் வளைவில் மிஞ்சியதா, வேறெங்கிருந்தோ வந்து ஒட்டியதா? அந்தக் கொசுவைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

முதுகு போனால் இன்னொரு வழி உண்டு. யாழ்க்காரிக்கு நடுக்காலின் தொடையில் முன்பக்கமாக நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கோட்டுக்காரிக்கு, பெயர்தான் அப்படியே தவிர, தொடையில் அந்தக் கோடு கிடையாது. ஆனால் இந்தக் கொசுக்களுக்கு நடுக்கால்களே இல்லை. எல்லாம் உதிர்ந்து பையின் அடியில் கிடந்தன. எந்தக் கால் எந்த உடம்புக்கு என்று யார் பார்ப்பது என்று அந்தக் குப்பையைக் கழுவுதொட்டியில் தட்டிக் கொட்டியது அவளேதான்.

சந்தேகசாமி பின்னால் வந்து நின்றார்.

"உங்க தெருவா?"

அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். மல்லாத்தினார், குப்புறப் போட்டார். அவர் அந்த ஒரு தடவையாவது ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று மின்னல் ஏங்கினாள். எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, காலில்கூட விழத் தயாராக இருந்தாள்.

"சொல்ல முடியலம்மா," என்றார் அவர். "மரபணுவுக்கு அனுப்பலாம்."

"அது வரதுக்குள்ள மாசம் ஓடிடும். அவ இப்ப அங்கதான் படுத்திருக்கா."

"அப்ப கூட்டிட்டுப் போயிடச் சொல்லுங்க."

"குலுங்கினா அதோட போச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அது நிஜமாவே கோட்டுக்காரியா இருந்தா? ஒண்ணுமில்லாததுக்கு அவளை மலையேத்தி, வழியிலேயே ஏதாவது ஆச்சுன்னா?"

சந்தேகசாமி சட்டைப்பையைத் துழாவினார். தன் கைலென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நல்லதா ஒண்ணு வேணும். உரசாம, கசங்காம. ஒண்ணு போதும்."

மின்னல் உறிஞ்சுகுழாயையும் ஒரு கண்ணாடிக் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்தாள். பேருந்திலிருந்து இறங்கித் தெருவில் நடக்கும்போது தண்ணீர் தேங்கிய பூந்தொட்டித் தட்டுகள், கவிழ்க்காத வாளிகள், மாடித் தொட்டியின் உடைந்த மூடி எல்லாம் கண்ணில் பட்டன. தினமும் பார்ப்பவைதான். அன்றைக்கு ஒவ்வொன்றும் அவளைக் குத்தியது.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை இடுப்புவரை இருந்தது. மின்னல் எழுப்பவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட முறை இது. தன் காலையே இரையாக வைத்து, கடிக்க வந்து உட்காரும் கொசுவைச் செதில் கலையாமல் குழாயில் உறிஞ்சி எடுப்பது. பொறியைவிட இதுதான் சுத்தம். நோய் பரவுகிற காலத்தில் செய்யக் கூடாது என்று அவளே பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

அசையாமல் காத்திருந்தாள். கோட்டுக்காரியாக இரு, கோட்டுக்காரியாக இரு என்று மனசு அடித்துக்கொண்டது. எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒரு கொசுவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் தங்கை காலை இழுத்து மடக்கினாள். போர்வை நகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி, கட்டில் சட்டத்தைச் சுற்றி, மின்னலின் கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்தது. வெள்ளை வளையங்கள் தெரிந்தன. வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முதுகு தெரியவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள்.

பளாரென்று ஓர் அடி விழுந்தது.

தங்கை கட்டிலிலிருந்து எக்கிச் சாய்ந்து அக்காவின் காலில் அடித்திருந்தாள். கண்ணில் தூக்கம் இன்னும் கலையவில்லை.

"கொசு கடிக்குது, பேசாம பாத்துட்டு உக்காந்திருக்க. என்னக்கா நீ? எப்ப வந்த?"

மின்னல் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள். நடுவில் ரத்தம். கொசு கடிக்கத் தொடங்கவே இல்லை. உட்கார்ந்ததோடு சரி. ஆனால் அதன் வயிற்றில் ரத்தம் இருந்தது. அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

உடம்பு கூழாகியிருந்தது. முதுகு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ரத்தத்தைத் தள்ளி, சுண்டுவிரலின் அடியில் ஒரு கால் ஒட்டியிருந்தது. மின்னல் கைலென்ஸைக் கண்ணோடு சேர்த்துக் குனிந்தாள். நடுக்கால்தான். தொடை முழுசாக இருந்தது. முன்பக்கத்தில், மேலிருந்து கீழே, நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கோடு.

அவள் மறுபடி பார்த்தாள். சந்தேகசாமியைப் போலத் தங்கையின் கையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கொசுவுக்குப் பெயர் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பெயரில் ஒரு சந்தேகமும் இல்லை என்பதுதான் கொடுமை.

"நம்ம கோட்டுக்காரிதானே?" என்றாள் தங்கை.

"இல்லடி."

"சரியாப் பாருக்கா."

"பாத்துட்டேன். யாழ்க்காரி. நான் அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். முதுகுல ஒண்ணுமே இல்லாத கொசுவைப் பாத்து வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்டி."

தங்கை நம்பவில்லை. அக்காவுக்குக் களைப்பு, வெயிலில் வந்திருக்கிறாள், ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல முடியும் என்றெல்லாம் சமாதானம் சொன்னாள். அன்றைக்கு நிறையக் கொசுவைப் பார்த்துச் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்றாள். அவள் பேசப் பேச மின்னல் தலைமாட்டிலிருந்த களிம்பை எடுத்தாள். குழல் பாதி காலியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"இதைத் தினமும் பூசிக்கிட்டேல்ல?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாசனை குமட்டுதுக்கா. நீ வருத்தப்படுவேன்னு கொஞ்சம் கொஞ்சமாப் பிதுக்கி வாஷ்பேசின்ல விட்டுட்டேன்."

மின்னல் போர்வையை விலக்கினாள். இரண்டு கணுக்காலிலும் சிவப்புத் தடிப்புகள். சில இன்றைக்குப் பட்டவை, சில ஆறிக் கறுத்தவை, சிலவற்றைச் சொறிந்து புண்ணாக்கியிருந்தாள். மின்னல் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள். லென்ஸ் கையிலேயே இருந்தது. தடிப்பில் யாழும் இல்லை, கோடும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

"இவ்வளவு கடிச்சிருக்கே, விரட்டக்கூட மாட்டியாடி?"

"நீதானே சொன்ன, அதுங்க சாதுன்னு," என்றாள் தங்கை. "பாவம், குடிச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."