ஒருசந்தித் தேத்தண்ணி

நெடுந்தீவுப் பயணிகள் படகை ஓட்டுகிற சந்தியோகு, ஆடிக் காற்றிலும் கை நடுங்காமல் குறிகட்டுவான் துறைக்குப் போய் வருகிறவர். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த அரைமணி நேரத்துக்குள் நாலு தரம் எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

நாற்பது வயது கடந்தவர்களுக்கான வழக்கமான பரிசோதனைதான். ஆனால் அவருடைய தமையன் அன்ரன் நாற்பத்தொன்பது வயதில், நெஞ்சுவலியோடு இறங்குதுறையில் கிடந்தே செத்துப்போனார். அன்றைய கடுங்காற்றில் அவரைக் கரைக்குக் கொண்டுபோகப் படகை எடுக்கத் துணியாமல் நின்றது சந்தியோகுதான். இப்போது அவருக்கும் நாற்பத்தொன்பது.

தாதி தர்சினி இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தாள். அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

“மூச்சை விடுங்கோ அண்ணை. வயிறு எங்கையும் ஓடிப்போகாது.”

தொண்ணூற்றெட்டு சென்றிமீற்றர். பிரசரும் கூடுதல். இரத்தத்தில் சீனி நூற்றி முப்பத்தெட்டு.

“வெறும் வயித்தோடதானே வந்தனீங்கள்?”

“ஓம். தேத்தண்ணி மட்டும், பனங்கட்டி கடிச்சுக் குடிச்சனான்.”

தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்கும் நாட்களிலும் மத்தியானம்வரை அவருக்கு அதுதான் ஆகாரம். அதனால் ஒருசந்தி முறிந்ததென்று எந்தப் பங்குச் சுவாமியும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சட்டம் வேறு என்று மனுசன் எப்படிக் கண்டார்?

“பச்சைத்தண்ணியைத் தவிர ஒண்டும் ஏலாது அண்ணை. வாற கிழமை திரும்ப வாங்கோ.”

சந்தியோகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிழை தேத்தண்ணியில்தான் என்று வீட்டில் மனைவி நிருஜாவிடமும் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க நித்திரை வரவில்லை. ஒரு கையில் சுக்கான், மறு கையால் இடுப்பைத் தடவித் தடவிப் பார்ப்பது என்று நாள் போனது.

மறுகிழமை பச்சைத்தண்ணியோடு போனார். நூற்றிப் பதினெட்டு.

“இறங்கிட்டுதுதானே டொக்டர்?”

“நூறுக்குள்ள இருக்கோணும். இடுப்பு, பிரசர், சீனி, கொழுப்பு, நாலும் கூடிக்கிடக்கு. தனித்தனியப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம்தான். ஒராளில சேர்ந்திருக்கிறதுதான் நெஞ்சுக்குக் கூடாது. இப்பவே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி நடக்கத் தொடங்கினால் திருப்பலாம்.”

வீட்டில் நிருஜா தேநீரையும் ஒரு துண்டுப் பனங்கட்டியையும் நீட்டினாள். “தேத்தண்ணியாலதானே?”

“இல்லை.” அவர் துண்டைத் தொடவில்லை. “எனக்குப் பயமாக்கிடக்கு.”

கலியாணம் கட்டி இருபத்திநாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

“அண்டைக்கு அண்ணைக்கு நான் படகெடுக்கேல்லை. எனக்கு நெஞ்சு நொந்தால் ஆர் எடுப்பினம், நிருஜா?”

அவள் வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினாள்.

“எழும்புங்கோ. இறங்குதுறைவரை நடந்துபோட்டு வருவம்.”