மூன்றாம் எலியின் மஞ்சள்

12.03.2024, செவ்வாய்

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். காலையில் லேபில் எலிக்கூண்டு துப்புரவாக்கும்போது மூன்றாம் எலியின் முதுகில் வலப்பக்கத் தையல் சிவந்து வீங்கியிருந்தது. என் விரல் வெட்டுக்காக அம்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துச் சின்னப் போத்தலில் தந்திருந்தார். அதில் கொஞ்சம் தொட்டுத் தடவிவிட்டேன். யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்ட லயத்தில் றப்பர் பால்வெட்டும் கத்தி யார் கையில் பட்டாலும் அதைத்தான் தடவுவோம்.

கூண்டைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. பல்லின் வேருக்குள் அடைக்கும் மருந்துப் பசை சதைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவே அதைச் சிறு குழாயில் அடைத்து எலியின் தோலுக்கடியில் வைக்கிறோம். வலப்பக்கம் பசைக் குழாய், இடப்பக்கம் வெறுங்குழாய். எந்தப் பக்கம் எவ்வளவு சிவக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்தச் சிவப்புக்கே நான் மருந்து போட்டிருக்கிறேன்.

மத்தியானம் லேபை நடத்தும் டொக்டர் ஸ்ரீதரன் வந்தார். குழாய் வைத்துத் தைப்பது நஸீம் நானா. அவர்தான் எலியைத் தூக்கிக் காட்டினார்.

“என்ன நஸீம், மஞ்சளா இருக்கு? பசை ஒழுகுது. குழாய ஒழுங்கா அடைச்சீங்களா?”

பசையும் மஞ்சள் நிறம்தான்.

“நல்லா அடச்சுத்தான் வச்சேன் சேர்.”

“போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. இன்னொரு தரம்னா வேற ஆள் பாக்க வேண்டி வரும்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அதே கூண்டிலிருந்த நாலாம் எலியைத் தூக்கச் சொன்னார். அதன் தையலிலும் மஞ்சள். அதை நான் தொடவே இல்லை. தொட்டேனா? இல்லை. வாயை மூடிக்கொண்டேன். நாளைக் காலை இரண்டு தையலையும் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“ஏன் புள்ள, மூஞ்சி இப்படி இருக்கு? எலி கடிச்சிட்டா?” என்றார் நானா.

“இல்ல நானா. உங்களுக்கு எப்பவாச்சும் கை தவறுமா?”

“எனக்கா? எங்கட வீட்டுத் தலகாணி ஒற எல்லாம் நான் தச்சதுதான். ஒரு பஞ்சு வெளிய வராது.” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாலாவதுல மட்டும் எனக்கே சந்தேகமா இருக்கு. தைக்கக்குள்ள அது துள்ளிட்டு.”

யட்டியாந்தோட்டைக்கு மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் இதையே நினைத்தேன். எலிகள் ஒன்றின் மேல் ஒன்று படுக்கும், ஒன்றையொன்று நக்கும். நான் தடவியதுதான் நாலாவதிலும் ஒட்டியதா? அல்லது அதில் உண்மையாகவே பசை ஒழுகியதா? பசைக்கு ஆஸ்பத்திரி வாடை உண்டு. மத்தியானமே மோந்து பார்த்திருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

நான் சொன்னால் மூன்றாவது கணக்கில் வராது. இன்னொரு எலியின் முதுகைக் கீற வேண்டி வரும். சொல்லாவிட்டால் இரண்டும் நானாவின் தலையில் விழும், வேலை போகும். சொன்ன பிறகும் நாலாவது அவர் தலையில்தான் நிற்குமோ? எப்படி அடுக்கிப் பார்த்தாலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. வகுப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் போக வேண்டும். சேர் தையலைப் பிரிக்கும் முன், நானாவும் நிற்கும்போதே, மூன்றாவதுக்கு மஞ்சள் தடவியது நான்தான் என்று சொல்ல வேண்டும். நாலாவதைப் பற்றி எனக்குத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மஞ்சள் போத்தலையும் எடுத்துப் போக வேண்டும்.