வாழைத்தாருக்கு ஒரு விதி

தோளில் பூவன் தாரோடு தைரியராஜ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் தாரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கங்க கல்யாணம்?"

"கல்யாணம் இல்லீங்க. ஸ்ரீரங்கம் ஒன்னு குடுங்க."

"தாருக்குத் தனியா லக்கேஜ் போடணும்."

"போடுங்க."

"சீட்டுல வச்சிராதீங்க, பால் வடியும். கறை போகாது."

தைரியராஜ் தாரை இறக்கவே இல்லை. வெங்காய மூட்டை சுமந்து காய்த்துப்போன தோளுக்கு ஒரு தார் எல்லாம் பாரமா? பாரம் வேறு இடத்தில் இருந்தது. அன்று காலை சட்டக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் டிரேட்மார்க் பாடத்தின் கட்டுரை மார்க்கை ஒட்டியிருந்தார்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். அவன் நம்பருக்கு எதிரே பாஸ் மார்க்குக்குக் கீழே ஒரு எண். கடைசி வருடத்தின் கடைசிப் பாடம் அது. இது போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இன்னொரு வருடம் மண்டியில் மூட்டை தூக்க வேண்டும். நாற்பதை நெருங்கும் முதுகு ஏற்கெனவே முறைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

விடியுமுன் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் லாரியில் இருந்து மூட்டை இறக்குவான். பிறகு குளித்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போவான். வகுப்பில் யாருக்கும் அவன் லோடுமேன் என்று தெரியாது. கேட்டால் "பிசினஸ்" என்று சொல்லிவைத்திருந்தான். தோள்காய்ப்பையும் கையில் சாக்கு உரசிய தழும்புகளையும் சட்டை மறைத்தது. மதியம் வரும் தூக்கத்தை எதுவும் மறைக்கவில்லை.

டிரேட்மார்க் பாடம் நடத்தியவர் அனுசுயா மேடம். அவனைவிட வயதில் சின்னவர். முதல் நாளே நாலு பக்கத் தாளை எல்லோருக்கும் கொடுத்தார். பாடத்தின் தேவைகளும் விதிகளும் என்று தலைப்பு. போன் பைக்குள் இருக்க வேண்டும். வருகை எடுத்த பிறகு வருகிறவர் வராதவர். அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று காட்டினால் பூஜ்யம். கட்டுரையில் பெயர் எழுதக் கூடாது. வகுப்பே முனகியது. தைரியராஜ் முதல் பக்கத்தைப் படித்தான். எல்லாமே 'கூடாது' என்று முடிந்தது. அவனுக்குத் தெரிந்த விதி எல்லாம் அப்படித்தான் முடியும். மிச்சத்தையும் எதற்குப் படிப்பானேன் என்று மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

கட்டுரைக்கு அவர் கொடுத்த வேலை, மார்க்கெட்டுக்குப் போய்ப் புழக்கத்தில் இருக்கும் ஒரு குறியைக் கண்டுபிடித்து, அது டிரேட்மார்க் ஆகுமா ஆகாதா என்று எழுதுவது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டித் தெருவில் நடந்தபோது தைரியராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நம்ம வீட்டுக்குள்ள வந்து பரீட்சை வைக்கிறாங்களே என்று இருந்தது.

ஒரே லாரியில் நாலைந்து மண்டிக்காரர்களின் சரக்கு வரும். எது யாருடையது என்று லோடுமேன்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். மூட்டை வாயைத் தைத்திருக்கும் நூலின் நிறத்தைப் பார்ப்பார்கள். பச்சை நூல் ஒருவருக்கு, சிவப்பு இன்னொருவருக்கு. அதையே எழுதினான். நிறமும் டிரேட்மார்க் ஆகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, இந்த நூல்தான் மண்டியின் டிரேட்மார்க் என்று பக்கம் பக்கமாக எழுதினான். வகுப்பிலேயே முதல் மார்க் தனக்குத்தான் என்று மனைவி லிசியிடம் சொல்லியும் விட்டான்.

திரும்பி வந்த தாளின் கடைசியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "இந்த நூலை வாங்குகிறவர் எப்போது பார்த்தார்?"

அவனுக்கு ஆத்திரம் வந்தது. நேராக மண்டிக்குப் போய், கூட மூட்டை தூக்கும் பிச்சமுத்துவிடம் சொன்னான்.

பிச்சமுத்து பீடியை அணைத்தான். "வக்கீல் சார், இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? போன வருசம் மொதலாளியோட மூட்டைய நான் சாக்கடையில போட்டேனே, என்ன பண்ணேன்?"

"தார் தூக்கிட்டுப் போன."

"தூக்கிட்டுப் போயி வாசல்ல நின்னேன். அரை மணி நேரம் கிழிகிழின்னு கிழிச்சாரு. அப்புறம்? 'சரி, நாளைக்கி வா'ன்னாரு. அம்புட்டுதான். டீச்சருக்கு மட்டும் வாய் இல்லியா, வயிறு இல்லியா? தொட்டியம் வாழை லாரி நிக்கிது பாரு. நல்ல தாரா பாத்து எடு."

மண்டியில் அதுதான் வழக்கம். தப்பு செய்தவன் தாரோடு போவான், பெரியவர் திட்டுவார், தார் வீட்டுக்குள் போகும், வேலை திரும்பக் கிடைக்கும். யாரும் அதை லஞ்சம் என்று சொன்னதில்லை. அப்படித்தான் தைரியராஜ் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினான்.

அனுசுயா மேடத்தின் பிளாட் இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் முதலில் தாரைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த முகத்தை அப்புறம்தான் அடையாளம் கண்டார்.

"நம்ம கிளாஸ்தானே நீங்க? கடைசி பெஞ்சு?"

"ஆமாங்க மேடம். என் நம்பரு..."

"சொல்லாதீங்க!" அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "நம்பர் சொல்லாதீங்க. எதப்பத்தி எழுதினீங்கன்னும் சொல்லாதீங்க. ஒன்னும் சொல்லாதீங்க."

தைரியராஜ் சொல்ல வந்ததே அந்த இரண்டும்தான்.

"இது என்னங்க?"

"பூவன் மேடம். தொட்டியத்துக் காயி. நாலு நாள்ல பழுத்துரும்."

"எதுக்கு?"

"சும்மா... வீட்டுக்கு."

தாரை இறக்கக் குனிந்தான். "ஐயோ, இறக்காதீங்க!" என்று அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "அது தரையில பட்டா எனக்கு வந்து சேந்ததா ஆயிடும். தோள்லயே இருக்கட்டும். கனமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க மேடம்."

"நான் குடுத்த விதி எல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேங்க."

"எத்தனை பக்கம்?"

தைரியராஜ் தாரின் காம்பைப் பார்த்தான்.

"அதானே. வகுப்புல பாதிப் பேரு மொதப் பக்கத்தோட சரி. நாலாம் பக்கத்தப் படிங்க. இங்க வந்து கேக்க நினைச்சதுக்கு அங்க பதில் இருக்கு." அவர் குரல் இறங்கியது. "கோபமா பேசுறேன்னு நினைக்காதீங்க. இன்னைக்கி உங்களுக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டேன்னு வைங்க, நாளைக்கி இன்னொருத்தரு கார்ல பெட்டியோட வந்து எறங்குவாரு. அவருக்குக் கதவச் சாத்த எனக்கு எந்த மூஞ்சி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

வகுப்பில் காரில் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் பெயர் இல்லாமல் நம்பர்தான் என்பது அந்த நிமிடம்தான் அவன் மண்டையில் ஏறியது.

"தண்ணி குடிக்கிறீங்களா? தண்ணிக்கி விதி ஒன்னும் இல்ல."

தாரைத் தோளில் வைத்தபடியே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தான். என்ன வேலை பார்க்கிறீர்கள், எப்படி இதை இவ்வளவு நேரம் சுமக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அந்த முகத்தில் பாவப்பட்ட பார்வை ஒன்று வந்திருக்கும். அது வராததற்கு, படி இறங்கும்போது, ஏனென்று தெரியாமலே அவனுக்கு நன்றியாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர்.

"என்னங்க, பொண்ணு வீட்டுல திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"ஆமாங்க. ஜாதகம் சேரலையாம்."

பஸ்ஸே சிரித்தது. கூட அவனும் சிரித்தான். இந்த முறை தாரைக் காலடியில் வைத்துவிட்டு, பையில் இருந்து தாளை எடுத்து நாலாம் பக்கத்தைப் பிரித்தான். மடிப்பில் கிழிந்திருந்தது.

"தேறாதவர்கள் ஒரு வாரத்துக்குள் மீண்டும் எழுதலாம். நான் எழுதிய குறிப்புக்குப் பதில் சொல்வதாக அது இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். வெளியூர் வழக்கறிஞர் ஒருவர் திருத்துவார். முழு மார்க்கும் உண்டு. இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் பார்க்க வேண்டியதில்லை."

கடைசி வரியை மறுபடி படித்தான். பாலம் வந்தது. ஜன்னலில் காவிரிக் காற்று தாளைப் படபடவென்று அடித்தது, அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை படித்தான். யாரையாவது பார்க்காமல் அவன் வாழ்க்கையில் எது நடந்திருக்கிறது? மண்டியில் வேலைக்கு ஒருவரைப் பார்த்தான். ரேஷன் கார்டுக்கு ஒருவரைப் பார்த்தான். அப்பா செத்தபோது ஆஸ்பத்திரியில் இருந்து உடலை வாங்கக்கூட ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் போன இடத்தில் எல்லாம் குனிந்து நின்றான். இங்கே ஒரு பெண்பிள்ளை, நீ யாராக இருந்தாலும் சரி, குனிய வேண்டாம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அதை அவன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பாலம் தாண்டிப் போய்க் குனிந்துவிட்டு வருகிறான்.

'கூடாது' என்பதற்கு அப்புறமும் விதியில் பக்கங்கள் இருக்கும் என்று யார் கண்டது?

வீட்டில் லிசி தாரைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "முதல் மார்க்குக்கு ஊரே தார் அனுப்புதாக்கும்!"

"பெயிலு."

தட்டிய கை நின்றது. அவன் கட்டுரைத் தாளைக் கொடுத்தான். சிவப்பு மை வரியைப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாத்தானே கேட்டிருக்காங்க?"

"நீயுமா? பச்சை நூலுன்னா யாரு சரக்குன்னு மண்டிக்கே தெரியும்."

"மண்டிக்குத் தெரியும். எனக்கு? நானும்தான் வருசக்கணக்கா வெங்காயம் வாங்குறேன். கடைக்காரரு தட்டுல கொட்டி வச்சிருப்பாரு. நூலு எங்க, சாக்கு எங்க? கட்டுன பொண்டாட்டிக்கே இன்னைக்கித்தான் தெரியுது, மூட்டைய நூலு பாத்து எறக்குறீங்கன்னு."

தைரியராஜ் தரையில் உட்கார்ந்தான். டிரேட்மார்க் என்பது வாங்குகிறவருக்கு, இந்தச் சரக்கு இன்னாருடையது என்று சொல்ல வேண்டும். வகுப்பில் எழுதிப் போட்ட முதல் பாடமே அதுதான். அவன் சுமக்கிற பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறான். வாங்குகிற பக்கத்துக்குப் போய் ஒரு தரம்கூட நிற்கவில்லை. மண்டி தெரியாதவர் திருத்திய தாள் என்று மேடத்தின்மேல் ஆத்திரப்பட்டான். அவருக்கு மண்டி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் தெரிந்தால் போதும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மூட்டை இறக்கி முடித்ததும் மேஸ்திரியிடம் கேட்டான். "அண்ணே, யாருக்கு எந்த நூலுன்னு யாரு முடிவு பண்ணுறது? மண்டிக்காரங்களா?"

"அவங்களுக்கு எங்கடா அதுக்கு நேரம்? நான்தான் லாரிக்காரன்கிட்ட சொல்லிவிடுவேன். கயித்துக்கடையில எந்தக் கலரு இருக்கோ அது. போன தீபாவளிக்கு முன்னாடி பச்சைக்குப் பதிலா வெள்ளை போட்டோமே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். நூல் மண்டிக்காரருக்கே சொந்தமில்லை. இன்றைக்குப் பச்சை, நாளைக்கு வெள்ளை. எந்த நூலை வைத்துக் கொடி பிடித்தானோ, அது அவன் கையிலேயே அறுந்தது.

அந்த வாரம் முழுக்க எழுதினான். தமிழில் எழுதினான். தன்னுடைய முதல் கட்டுரையையே எதிர்த்தரப்பாக வைத்துக்கொண்டு, அது சொன்ன ஒவ்வொன்றும் ஏன் நிற்காது என்று எழுதினான். சில்லறைக் கடைகளில் நின்று வாங்குகிறவர்களைக் கேட்டான். ஒருவர்கூட நூலைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒரு அம்மாள், "வெங்காயத்துக்கு எதுக்குப்பா நூலு? பூவா கட்டப் போற?" என்று கேட்டதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டான். முடிவில், மூட்டை இடம் மாறாமல் போய்ச்சேர உதவும் அடையாளம் ஒன்று, சரக்கின் பெயரைக் காக்கும் குறி வேறொன்று, இந்த நூல் முதல் வகைதான் என்று முடித்தான். பெயர் போடவில்லை. நம்பர் போட்டான். ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போர்டில் மறுபடி நம்பர்கள். அவன் நம்பருக்கு எதிரே பாஸ். முதல் மார்க் எல்லாம் இல்லை, நடுத்தரம்தான். யாரும் தயவில் கூட்டிப் போட்ட மார்க் இல்லை. அந்த மார்க்கைப் பார்த்துக்கொண்டு முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டான். தோளோடு கை வலிக்க எழுதியவன், மூட்டை தூக்குகிற கையை மறைத்து என்ன ஆகப்போகிறது?

லிசி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிச்சமுத்து மண்டியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தாரு வேலை செஞ்சிருச்சு பாத்தியா!" என்றான்.

"தாரு வேலை செய்யலடா. அதான் விசேசம்."

"பின்ன யாரப் பாத்த?"

"யாரையும் பாக்கல."

பிச்சமுத்து நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்த பிறகு, கல்லூரியில் அடுத்த செட்டில் படிக்கும் ஃபெமினா பழைய நோட்டுக் கேட்டு வந்தாள். கையில் அந்த வருடத்து விதித் தாள் இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் நீட்டினாள்.

"அண்ணே, நாலாம் பக்கத்துல புதுசா ஒரு விதி சேத்திருக்காங்க, பாருங்களேன். யாரோ நெசமாவே பண்ணிருக்காங்கண்ணே!"

தைரியராஜ் படித்தான். "ஆசிரியர் வீட்டுக்கு வாழைத்தாரோ வேறு எந்தப் பொருளோ கொண்டு வரக் கூடாது. இறுதி முடிவு வெளியான பிறகு, விருப்பமுள்ளவர் ஒரு சீப்புக்கு மேற்படாமல் கொண்டு வரலாம்."

"எவனோ மொதப் பக்கத்தோட நிறுத்திருப்பான்" என்றான். "நீ நாலையும் படி."

அவள் போன பிறகு மறுபடி மனசுக்குள் அந்த விதியை ஓட்டிப் பார்த்தான். கருப்புக் கோட்டோடு, சட்டைக் காலரில் வெள்ளைப் பட்டையோடு எழுந்து மார்க்கெட்டுக்கு நடந்தான். பழுத்த பூவனில் அடிபடாத சீப்பு ஒன்றைப் பொறுக்கி எடுத்தான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் கோட்டைப் பார்த்துக் குழம்பி, முகத்தைப் பார்த்துத் தெளிந்தார்.

"அட, நீங்களா? அன்னைக்கித் தாரு, இன்னைக்கிச் சீப்பா? என்னங்க, குறைஞ்சுக்கிட்டே வருது?"

"சட்டம் இவ்வளவுதாங்க விடுது" என்றான் தைரியராஜ். "லக்கேஜ் உண்டா?"

"மடியில வச்சுக்கங்க, போங்க."