தும்மலுக்குப் போட்ட மாத்திரை

ரொட்டி வண்டி ஓட்டுபவர் காலையில் எழுந்ததிலிருந்தே ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகள் எல்லாம் அதில்தான் கிடந்தன. அக்கம்பக்கத்தில் யாருக்குத் தலைவலி, வயிற்றுவலி என்றாலும் அவள் கை அந்த டப்பாவுக்குத்தான் போகும்.

"உங்க தங்கச்சிக்கு இதுதான் குடுத்தேன். அன்னைக்கே கேட்டுச்சு, போட்டுக்குங்க" என்றாள்.

அவரும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

பாலத்தைத் தாண்டும்போது கண் சொக்கியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை உதறிக்கொண்டார். அப்படியும் இமை மூடிவிட்டது. வண்டி தடதடவென்று நடைபாதையில் ஏறி, பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. மணியடித்துப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். ரொட்டித் தட்டுகள் மட்டும் சரிந்து கிடந்தன.

வேறு ஓட்டுநரை வரவழைத்து வண்டியை ஒப்படைத்துவிட்டு அவர் வீடு திரும்பினார். நடந்ததை மனைவியிடம் சொன்னார். டப்பாவோடு அவரையும் கூட்டிக்கொண்டு முனையிலிருந்த மருந்துக்கடைக்குப் போனாள்.

கடைக்காரம்மா அவர் போட்ட மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தும்மல் நிற்கும், ஆனால் தூக்கம் வரும் என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் சாப்பிடுவதாக அவர் சொன்னார்.

"இவர் தங்கச்சிக்கு நல்லாத்தானே கேட்டுச்சு?" என்றாள் மனைவி.

"அவங்க போட்டுட்டு என்ன பண்ணாங்க?"

"நாள் பூரா போத்திக்கிட்டுத் தூங்கினா."

"இவரு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்காரும்மா."

மனைவி, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஏற்ற மருந்து எது, சாப்பிட்டால் தூக்கம் வருமா, எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பெயரும் தேதியும் வெட்டுப்பட்டுப்போன அட்டைகளையெல்லாம் அங்கேயே ஒப்படைத்தாள்.

மாலையில் அவர் நன்றாகத் தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தபோது, மாடிவீட்டுக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து மாத்திரை கேட்டாள்.

"ஒருத்தருக்குக் கேட்ட மருந்து இன்னொருத்தருக்கு ஆகாமப் போகலாம் அக்கா. என்ன மருந்து, நமக்கு ஒத்துக்குமா, போட்டா என்ன செய்யும்னு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வாயில போடணும். வாங்க, மருந்துக்கடைக்கு நானும் கூட வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள் மனைவி.