கிடாய் வழியாகப் போன சிக்னல்

கண்டரமாணிக்கத்துக்கு வெளியே, கண்மாய்க்கரை ஐயனார் கோயிலில் சித்ரா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் கதிரவனுக்கோ தோஹாவில் லீவு கிடைக்கவில்லை. அதனால் பிள்ளை என் மடியில். நான் சித்ராவுக்குப் பெரிய மாமனார். மடி மட்டும் இரவல்.

“எந்தம்பி வீடியோவுல பாத்து ‘குத்துங்க’ன்னு சொல்லணும். அதுவரைக்கும் ஊசி கிட்ட வரக் கூடாது” என்று சித்ரா சொல்லிவிட்டாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோயில் பக்கம் போனுக்கு டவர் கிடையாது. ஊருக்குள்ளிருந்து வயர்லெஸ்ஸில் நெட் கொண்டுவந்தவர் சேவுகப்பெருமாள். டிஷ்ஷை ஆலமரக் கிளையில் கட்டி, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே கேமராவும் லேப்டாப்புமாக அவர் மச்சினன் மலையாண்டி. சேவுகப்பெருமாள் பரிமாறிய ஒரு பந்தியில் மலையாண்டி இலைக்குப் பாயசம் வராமல் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

காற்றடித்தால் கிளை ஆடும், சிக்னல் மெலியும். விட்டுப்போனதையெல்லாம் மறுபடி மறுபடி அனுப்பும்படி சேவுகப்பெருமாள் மேலே செட்டிங்கை மாற்றினார். படம் கலங்குகிறதே என்று மலையாண்டி கீழேயிருந்து இன்னும் பெரிய படமாகத் தள்ளினார். அவரவர் வேலை சுத்தம்; இரண்டும் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டன. தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்தது என் முகம் மட்டும். நான் காலையில்தான் சவரம் செய்திருந்தேன். படம் போய்ச் சேர்வதற்குள் முளைத்துவிட்டதோ என்னவோ, அங்கே தாடியோடு தெரிந்தேனாம்.

சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுனா கொறஞ்சா போயிருவீக?”

பேச்சில்லாதவர்கள் பேசிக்கொள்ள எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. விருந்துக்குக் கட்டியிருந்த கிடாயைப் பார்த்துச் சேவுகப்பெருமாள் சொன்னார்: “ஏ கிடாயே, கண்மாய்த் தண்ணி சிலுசிலுங்குது, காத்து வருது. அங்குட்டு இருக்கிறவரைப் படத்தைச் சுருக்கச் சொல்லு.”

மலையாண்டி சுருக்கினார். “கிடாயே, பழைய படத்தைத் திருப்பி அனுப்ப வேணாமுன்னு மரத்துல இருக்கிறவருகிட்டச் சொல்லு. சத்தம் மட்டும் தவறாமப் போனாப் போதும். விட்டுப்போன பாயசத்தை அனுப்பத் தெரியலை, இதை மட்டும் அனுப்புறாரு!”

காற்று வந்தால் படம் சுருங்கியது, போனதும் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் கிடாய்க்கே தொழில் பிடிபட்டுவிட்டது. காற்று வருமுன்பே ‘மே’ என்றது; காற்று போனதும் தலையாட்டியது. இருவரும் அதைப் பார்த்தே வேலை செய்தார்கள். நான் கண்ணால் பார்த்தது.

திரையில் கதிரவன் முகம் தெளிந்தது. சித்ரா பிள்ளையின் காதைக் காட்டினாள்.

“குத்தச் சொல்லுக்கா” என்றான்.

ஆசாரி குத்தினார். பிள்ளை மாமனையே பார்த்துக்கொண்டிருந்தது, அழவில்லை. தோஹாவில் மாமன்தான் விம்மி விம்மி அழுதான். ஒரு விம்மல்கூட விட்டுப்போகாமல் வந்து சேர்ந்தது.